பணம் கொடுத்த பிறகா பதிவேட்டைத் தேடுவது?

ஊரில் பத்து சென்ட் மனை வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, மூலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது, பங்காளிகள் எத்தனை பேர், கட்டிக் கொடுத்த பெண்கள் கையெழுத்துப் போடுவார்களா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட, "வில்லங்கம் பாத்தியாடா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் திறப்பதில்லை.

அதே மனிதர் மும்பைக்கு வந்து இருபது ஆண்டு உழைத்து, சீட்டு எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, தாராவியில் ஒரு வீடோ செம்பூரில் ஒரு பிளாட்டோ வாங்கும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை. விற்கிறவர் பக்கத்து ஊர்க்காரர். இடையில் நிற்கிற தரகர் ஒரே கோயிலுக்கு வரி கொடுப்பவர். "நமக்குள்ளே எதுக்கு அண்ணாச்சி வக்கீலு?" என்ற ஒரு பேச்சில் அச்சாரம் கை மாறிவிடுகிறது. முத்திரைத்தாளில் நாலு பக்கம் ஆங்கிலத்தில் அடித்து, நோட்டரியின் சிவப்பு முத்திரை விழுந்ததும், வீடு நம்முடையது என்று பால் காய்ச்சிவிடுகிறார்கள்.

தேடுவது பிற்பாடு நடக்கிறது. விற்றவர் காலமாகி அவர் மகன் வந்து பங்கு கேட்கும்போது தேடுகிறார்கள். பேங்கு நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டபோது தேடுகிறார்கள். கட்டிடத்தை இடித்துக் கட்டப் போகிறோம், உங்கள் தஸ்தாவேஜைக் காட்டுங்கள் என்று சொசைட்டி கேட்கும்போது டிரங்குப் பெட்டியைக் குடைகிறார்கள். அப்போது தேடிக் கிடைப்பது பெரும்பாலும் மனவருத்தம் மட்டுமே.

தாராவித் தமிழர்களுக்கு இந்த விஷயம் இன்று தலைக்கு மேல் வெள்ளமாக வந்து நிற்கிறது. 2022 நவம்பரில் புனரமைப்பு டெண்டர் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2023 ஜூலையில் மாநில அரசு அதை உறுதி செய்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1.1.2000க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பவர் என்று தஸ்தாவேஜு மூலம் நிரூபித்தால், தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அந்தத் தேதிக்குப் பிறகு 1.1.2011 வரை வந்தவர் என்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதற்கு இரண்டரை லட்ச ரூபாய். அதற்கும் பிந்தியவர்களுக்கும் மாடி வீட்டுக்காரர்களுக்கும், தாராவிக்கு வெளியே வாடகை கட்டிப் பின்னர் சொந்தமாக்கிக் கொள்ளும் திட்டம். நாற்பது வருஷம் ஒரே சந்தில் வாழ்ந்த குடும்பம் தாராவியில் இருக்குமா, ஊருக்கு வெளியே போகுமா என்பதை இனி ஒரு காகிதமும் அதில் உள்ள ஒரு தேதியும் ஒரு பெயரும் தீர்மானிக்கின்றன.

இந்தக் காகித வழக்கு புதிதல்ல. 1976 ஜனவரி 4ந் தேதி குடிசைப் பகுதிகளில் அரசு ஒரே நாளில் கணக்கெடுத்தது. அதில் பதிவானவர்களுக்கு அடையாள அட்டையும் பின்னர் போட்டோ பாசும் கிடைத்தன. நடைபாதைவாசிகள் வழக்கில் 1985ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, 1976 கணக்கில் உள்ளவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்று அந்த அட்டைக்கு மதிப்புக் கொடுத்தது. பிற்பாடு தேதி 1985 ஆயிற்று, 1995 ஆயிற்று, 2000 ஆயிற்று. தேதி நகர்ந்து கொண்டே வந்ததால் காகிதம் என்றைக்காவது தேவைப்படும் என்று முன்கூட்டி யோசித்தவர்கள் சிலர். ரேஷன் கார்டைப் புதுப்பித்ததும் பழைய கார்டைத் தூக்கிப் போட்டவர்கள் பலர்.

ஒரு குடும்பத்தின் கதையைப் பார்த்தால் மற்றவற்றின் நிலை விளங்கும். 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் 1994ல் வீடு வாங்கினார். போட்டோ பாஸ் விற்றவர் பெயரில் இருந்தது. மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொன்னவர் இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விட்டார். லைட் பில் இன்னும் அவர் பெயரிலேயே வந்து கொண்டிருக்கிறது. மாதா மாதம் கட்டுகிறவர் இவர். இப்போது மகன் தேடுகிறான். 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் தகப்பனார் பெயர் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் வேறு யாரோ ஒருவருடைய பெயர் மாதிரி இருக்கிறது.

பெயர் படும் பாடு

நம்மவர் பெயர் மும்பை அலுவலகங்களில் படும் பாட்டைத் தனியாகவே ஒரு புத்தகமாக எழுதலாம். ஊரில் இ. சுடலைமுத்து. இங்கே இனிஷியல் செல்லாது, சர்நேம் வேண்டும் என்கிறார்கள். தகப்பனார் பெயரையோ குலப்பட்டத்தையோ பின்னால் ஒட்டுகிறார்கள். சொல்வது தமிழில், எழுதுவது மராட்டியில், பிறகு தட்டச்சு ஆங்கிலத்தில். ஒரு கார்டில் சுடலாய்முட்டு, இன்னொன்றில் சூதலை முது. தகப்பனார் இசக்கி ஒரு பட்டியலில் ஈசாக் ஆகி மதமே மாறிவிடுகிறார்! பேச்சியம்மாள் பெஜியம்மா ஆகிறார். தங்கப்பழத்தில் உள்ள 'ழ' எந்தக் குமாஸ்தாவின் பேனாவிலும் இறங்குவதில்லை. ரிசர்வேஷன் டிக்கெட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தாலே டிக்கெட் பரிசோதகர் ஏற இறங்கப் பார்க்கிறார். வீடு கொடுக்கிற அதிகாரி பார்க்காமல் விடுவாரா?

இதில் நம் பக்கத்துப் பிழையும் உண்டு. எழுதிய கார்டைக் கையில் வாங்கியதும் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளைக் கொண்டாவது படித்துப் பார்த்திருக்க வேண்டும். மராட்டி எழுத்துக்கு நாம் காட்டிய அலட்சியத்துக்கு நாம் கொடுக்கும் அபராதம் இது. மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த எழுத்து தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வீட்டுக் காகிதத்தை எத்தனை பிள்ளைகள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்?

பிழையைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் செய்து கொள்ளலாம். பெயரை நிலையாக மாற்ற வேண்டுமானால் மகாராஷ்டிர அரசு கெஜட்டில் விளம்பரம் கொடுக்கலாம். பெரிய செலவு இல்லை. அதிகாரி மேஜை முன் நின்று கொண்டு செய்வதை விட, பட்டியல் வரும் முன்பே செய்து வைத்திருப்பது நல்லது. அவ்வளவுதான்.

இங்கே வில்லங்கச் சான்று எங்கே?

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் இங்கே வந்து, "வில்லங்கச் சான்றிதழ் எங்கே கொடுப்பார்கள்?" என்று கேட்பவர்கள் திகைத்துப் போகிறார்கள். சட்டம் ஒன்றுதான், 1908ம் வருஷத்துப் பத்திரப் பதிவுச் சட்டம் இரண்டு ராஜ்யத்துக்கும் பொது. நடைமுறை வேறு. அங்கே ஆபீசே தேடிச் சான்றிதழ் எழுதித் தருகிறது; இப்போது கணினியிலும் பார்த்துவிடலாம். இங்கே கட்டணம் கட்டி, வக்கீலோ அவருடைய சர்ச் கிளார்க்கோ பதிவேட்டைப் புரட்டி, தேடுதல் அறிக்கை எழுதித் தருவது வழக்கம். வருஷா வருஷம் அட்டவணையைப் பார்த்து, 30 ஆண்டு பின்னோக்கிப் போவார்கள். 30 ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். அடமானம் வைத்தவர் அதை மீட்கக் காலவரம்புச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 வருஷம். அதற்குள் யாரும் வந்து நிற்கலாம்.

இங்கே வழக்கில் உள்ள சொல் 'இன்டெக்ஸ் டூ'. மராட்டியில் சூசி கிரமாங்க் 2. சொத்தை வைத்துத் தயாரிக்கும் அட்டவணை அது. ஆட்களின் பெயரை வைத்துத் தயாரிப்பது முதலாம் அட்டவணை. இந்த வித்தியாசத்தைப் புரிந்து கொண்டால் பாதித் தொல்லை தீரும். பெயரை வைத்துத் தேடினால் மேலே சொன்ன சுடலைமுத்துக் கதைதான். சொத்தின் எண்ணை வைத்துத் தேடினால் எழுத்துப் பிழை குறுக்கே வராது. மாதுங்கா, தாராவி போன்ற பழைய நகரப் பகுதியில் அதற்கு சி.எஸ். எண் என்று பெயர். செம்பூர் புறநகர் ஜில்லாவில் சேர்ந்தது, அங்கே சி.டி.எஸ். எண். அந்த எண்ணைக் கொண்டு பிராப்பர்ட்டி கார்டு எடுத்தால் நிலம் யாருடையது, லீசா, சொந்தமா என்று தெரியும். மாதுங்காவில் பல கட்டிடங்கள் நிற்கும் நிலம் பழைய இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டு வகுத்த மனைகள். பிளேக் நோய்க்குப் பின் 1898ல் ஏற்பட்ட டிரஸ்டு அது. அந்த மனைகளில் பல இன்று மாநகராட்சியின் லீஸ் நிலம். மேலே உள்ள பிளாட்டுக்குப் பணம் கொடுக்கிறவர் கீழே உள்ள நிலத்தின் லீஸ் என்றைக்கு முடிகிறது என்று கேட்கிறாரா?

பதிவேட்டைப் பார்ப்பது யாருடைய தயவும் அல்ல. சொத்து சம்பந்தமான முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டிய எவரும் பார்க்கலாம் என்று 57வது பிரிவு சொல்கிறது. வாங்குகிறவர் வாடகைக்காரராக இருந்தாலும் சரி, தெருவில் போகிறவராக இருந்தாலும் சரி. மகாராஷ்டிரப் பதிவுத் துறையின் இணையப் பக்கத்திலேயே பல வருஷத்துப் பதிவுகளைச் செலவில்லாமல் பார்க்க வசதி இருக்கிறது. பழைய ஆண்டுகளுக்குக் கோட்டைப் பகுதியில் ஓல்டு கஸ்டம் ஹவுசிலும், புறநகருக்கு அதனதன் ஆபீசிலும் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளின் பக்கங்கள் கிழிந்து போயிருக்கும். 'இந்த வருஷத்து அட்டவணை கிழிந்த நிலையில் உள்ளது' என்று தேடுதல் அறிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் கடைசி வரியில் உள்ள 'வில்லங்கம் ஏதும் காணவில்லை' என்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது நம்மவர் வழக்கம். காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? கிழிந்த பக்கத்தில் என்ன இருந்தது என்பதற்கு வக்கீல் ஜவாப்தாரி அல்ல. அதைத்தான் அவர் ஜாக்கிரதையாக எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரம் பதிவாகியிருப்பதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகாது. ரிஜிஸ்திரார் உரிமையை விசாரிக்கிற அதிகாரி அல்ல. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றில், விற்பவர் மூலப் பத்திரம் காட்டினால்தான் பதிவு செய்யலாம் என்று இருந்ததை 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. காரணம் இதுதான்: உரிமை உண்டா இல்லையா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலை அல்ல. அப்படியானால் அது யார் வேலை? வாங்குகிறவர் வேலை. தென் ஆஸ்திரேலியாவில் 1858லேயே டாரன்ஸ் என்பவர் ஒரு முறையைக் கொண்டு வந்தார். அதன்படி பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் சொந்தக்காரர் என்று அரசே உறுதி கொடுக்கிறது. அமெரிக்காவில் அவ்வளவு தூரம் போகவில்லை. அங்கே கவுண்டி என்று சொல்லப்படும் ஜில்லா அலுவலகத்தில் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என இரண்டு அட்டவணை வைத்திருக்கிறார்கள். தேடுவதில் தவறு நேர்ந்தால் நஷ்டம் கட்ட 1876 முதல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் உண்டு. நம் நாட்டுச் சாதாரண மனிதருக்கு இந்த இரண்டு காப்பும் கிடையாது. அவருக்கு உள்ள ஒரே காப்பு அவருடைய கண்.

நோட்டரி காகிதத்தையும் பவர் பத்திரத்தையும் நம்பி வீடு வாங்குவோருக்கு சுப்ரீம் கோர்ட்டு 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. பவர், அக்ரிமெண்ட், உயில் மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாலும் சொத்து கைமாறாது. பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் செம்பூர்ப் பக்கம் பவரில் பிளாட்டு வாங்கியவர்களைக் காணலாம். முத்திரை வரி மிச்சம் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

கோர்ட்டில் என்ன இருக்கிறது?

பதிவேடு சுத்தமாக இருந்தாலும் சொத்தின் பேரில் தாவா நடந்து கொண்டிருக்கலாம். அதை எங்கே தேடுவது? மும்பையில் ஒரே கதவு கிடையாது. வாடகை, பகடி விவகாரம் என்றால் தோபி தலாவில் உள்ள ஸ்மால் காசஸ் கோர்ட்டு. அதற்கு பாந்திராவில் கிளை உண்டு. பாகப் பிரிவினை, கிரயத் தகராறு என்றால் சிட்டி சிவில் கோர்ட்டு. அது 1948ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்டது. சொசைட்டிச் சண்டை என்றால் கூட்டுறவு கோர்ட்டு. பேங்குக் கடன் பெரிய தொகை என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம். குடிசைப் பகுதித் தகராறுகளில் பெரும்பாலானவற்றை சிவில் கோர்ட்டு எடுக்கவே கூடாது என்று 1971ம் வருஷத்துக் குடிசைப் பகுதிச் சட்டம் தடுத்திருக்கிறது. அவை தனி அதிகாரிகளிடமும் ஹைகோர்ட்டு ரிட்டிலும் போய் நிற்கும். ஒரு கோர்ட்டில் பார்த்துவிட்டு "கேஸ் ஒன்றும் இல்லை அண்ணாச்சி" என்று சொல்லும் தரகர் பொய் சொல்லாமலே ஏமாற்றிவிட முடியும்.

பழைய வழக்கைத் தேடுகிறவருக்கு ஒரு சூட்சுமம். சிட்டி சிவில் கோர்ட்டு எடுக்கக்கூடிய வழக்கின் மதிப்பு நெடுநாள் 50,000 ரூபாயாகவே இருந்தது. மாதுங்கா பிளாட்டு ஒன்றின் பேரில் 1990களில் நடந்த வழக்கு என்றால் அது ஹைகோர்ட்டில்தான் தாக்கலாகியிருக்கும். 2012ல் வரம்பு ஒரு கோடியாக உயர்ந்தபோது ஏராளமான கட்டுகள் சிட்டி சிவில் கோர்ட்டுக்கு மாறின. மாறிய வழக்குகளுக்கு எண்ணும் மாறியது. 2024 ஜனவரியில் வரம்பு பத்துக் கோடி ஆகிவிட்டது. பழைய எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர் கடைசி வரை அலைய வேண்டியதுதான்.

கோர்ட்டு விவரங்களையும் இப்போது கணினியில் பார்க்கலாம். ஈ-கோர்ட்ஸ் என்ற அரசுப் பக்கத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஓர் அடையாள எண் இருக்கிறது. அது தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையும் கொடுத்துத் தேடலாம். இங்கேயும் பெயர்தான் எமன். விற்பவரின் பெயரை நாலு விதமாகவும், பெயரை முன்னும் பின்னும் மாற்றியும், மூன்று எழுத்தை மட்டும் கொடுத்தும் பார்க்க வேண்டும். அடையாள எண் கிடைத்துவிட்டால் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். சொத்தை வாங்கப் போகிறேன் என்பது மறைக்க வேண்டிய காரணம் அல்ல.

எல்லாவற்றையும் விட நம் பெண்மக்கள் தெரிந்து கொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. வழக்கு நடக்கும்போது சொத்தை விற்றால், வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். வழக்கு நடப்பது அவருக்குத் தெரியாதே என்றாலும் தப்ப முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 52வது பிரிவில் உள்ள இந்தப் பொது விதி தமிழ்நாட்டில் செல்லும். மும்பையில் அப்படி அல்ல. 1939ல் பம்பாய் மாகாணம் இந்தப் பிரிவைத் திருத்தியது. வழக்கு நடக்கிறது என்ற நோட்டீசை ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவு செய்தால்தான் வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தும்.

இதன் பலனை யோசித்துப் பாருங்கள். தகப்பனார் செம்பூரில் பிளாட்டு வாங்கி, ரிட்டயர் ஆகி, பாளையங்கோட்டைக்குப் போய், உயில் எழுதாமல் காலமானார். 1956ம் வருஷச் சட்டப்படியே மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அண்ணன் மும்பையில் இருந்து கொண்டு பிளாட்டைத் தனியாக விற்கப் பார்க்கிறான். தங்கை ஊரிலிருந்து வந்து, சிட்டி சிவில் கோர்ட்டில் பாகப் பிரிவினைத் தாவா போட்டுவிட்டு, இனி விற்க முடியாது என்று நிம்மதியாக ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறாள். நோட்டீசைப் பதியவில்லை. ஊர் வக்கீலுக்கு இந்த விதி தெரியாது. இங்கே உள்ளவர் சொல்லவில்லை. அண்ணன் விற்றுவிட்டால், வழக்கு நிலுவையில் இருந்தது என்ற ஒரே வாதத்தை வைத்து வாங்கியவரை அவள் மடக்க முடியாது. அவளுடைய மூன்றில் ஒரு பங்குக்காக வேறு வழியில் நெடுங்காலம் மல்லாட வேண்டும். சின்னக் கட்டணத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம்!

அதே விதி வாங்குகிறவருக்குச் சாதகம். ஜாக்கிரதையான எதிராளி நோட்டீசைப் பதிந்திருந்தால் அது இன்டெக்சில் கிடைக்கும். பேங்கில் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் விவகாரமும் அப்படித்தான். முன்பெல்லாம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியது எந்தப் புத்தகத்திலும் ஏறாது. 2013 முதல் மகாராஷ்டிராவில் கடன் வாங்கியவர் 30 நாளுக்குள் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். 2011ல் ஏற்பட்ட செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் சிறு கட்டணத்தில் எவரும் தேடலாம். தேடினால் தெரியாதது ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏமாந்தவர்களில் பலர் இவற்றில் எதையுமே திறந்து பார்க்காதவர்கள்.

தாராவிக்கு இது பொருந்துமா?

"இதெல்லாம் பிளாட்டுக்காரர்களுக்கு. தாராவியில் எந்தப் பதிவேட்டைத் தேடுவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாராவி நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சியுடையது. குடிசைக்குத் தனிப் பட்டா இல்லை, தனி சி.எஸ். எண் இல்லை. கிரயப் பத்திரம் பதிய வழியே இல்லாத இடத்தில் நோட்டரி காகிதத்தைத் தவிர ஏழைக்கு வேறு என்ன கிடைக்கும்? பதிய விடாமல் வைத்திருந்த அரசே இன்று வந்து, பதிவான ஆதாரம் எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? தோல் பதனிட வந்தவர்களும் பானை வனைய வந்தவர்களும் சதுப்பு நிலத்தைத் தூர்த்து இந்த ஊரை உண்டாக்கினார்கள். அன்றைக்கு அவர்களிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை. கட்டிய வரிக்கும் லைட்டுக்கும் ரசீது கொடுத்த அரசாங்கம், அந்த ரசீதில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்பதற்காக ஒரு குடும்பத்தைத் தாராவிக்கு வெளியே அனுப்புவது அடாத செயல். பெயர் மயக்கம் உள்ள மனுக்களை ஒரு பிரமாணப் பத்திரத்தின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டும். தகுதி இல்லை என்று எழுதும்போது, எந்தக் காகிதத்தில் எந்தக் குறை என்று ஒரு வரி எழுத வேண்டும். காரணம் தெரியாமல் அப்பீல் எழுத எந்த வக்கீலாலும் முடியாது.

அதற்காக, தாராவிக்காரர் தேட ஒன்றுமே இல்லை என்பது தவறு. 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் தேடிப் பெறக்கூடியது. பழைய மின் இணைப்பு விவரம் இருக்கிறது. கடை வைத்திருந்தால் குமாஸ்தா லைசென்ஸ் பதிவு இருக்கிறது. பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்தரில் வீட்டு விலாசம் இருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் போட்ட வழக்கில் இந்தச் சந்தில் குடியிருந்தவர்கள் பெயரெல்லாம் கட்சிக்காரர்களாக வந்திருக்கக்கூடும். அந்தப் பழைய தாவாவின் நகல், வருஷத்தோடு கோர்ட்டு முத்திரை குத்திய காகிதம். அன்றைக்கு எதிர்க்கட்சியாக இழுத்தான் என்று திட்டிய வழக்கே இன்று உபகாரமாக முடியலாம். விற்றவர் உயிரோடு இருந்தால் ஊருக்குப் போய் அவரிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிவர வேண்டும். வயதானவர்கள் விஷயத்தில் அடுத்த பொங்கல் வரை காத்திருப்பது சரியல்ல.

இந்த அலைச்சலைத் தனி மனிதர் தாங்க மாட்டார். தினக்கூலிக்காரர் ஒரு நாள் கோட்டைக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. அதனால்தான் தரகரிடம் போகிறார். தரகர் காகிதம் 'தயாரித்து'க் கொடுக்கிறார். அப்புறம் பொய்க் காகிதம் கொடுத்த குற்றமும் சேர்ந்து கொள்கிறது.

இங்கேதான் நம் சங்கங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து நட்சத்திரங்களை வரவழைக்கிறார்கள். பட்டிமன்றம் நடத்துகிறார்கள். நடத்தட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மாலை, சங்க அறையில் ஒரு மேஜை, ஒரு கணினி, மராட்டி வாசிக்கத் தெரிந்த இரண்டு கல்லூரி மாணவர்கள், மாதம் ஒருமுறை வந்து போக ஒரு வக்கீல்: இதற்கு ஆகும் செலவு ஒரு மேடை அலங்காரத்துக்கு ஆவதை விடக் குறைவு. அச்சாரம் கொடுக்கப் போகிறவர் வந்து சி.டி.எஸ். எண்ணைக் கொடுத்தால், இன்டெக்ஸ் எடுத்து, தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம். தாராவிக் கிழவி பிளாஸ்டிக் பையோடு வந்தால், எந்தக் காகிதத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வக்கீலிடம் பேசினால் அவரும் வளவளவென்று இழுக்க மாட்டார்.

பழைய ரேஷன் கார்டு, லைட் பில், வாடகை ரசீது எதையும் கிழித்துப் போடாமல் அந்த மேஜைக்குக் கொண்டு வாருங்கள் என்று கோயில் ஒலிபெருக்கியில் வெள்ளிக்கிழமை தோறும் சொல்லச் சொல்லலாம். ஊரில் உள்ள பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். மும்பைக் காகிதங்கள் பல அங்கே, கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடக்கின்றன.